மலேசியால ஜெயில் உள்ள இருக்கறவங்களுக்கு மன்னிப்பு மனு போடணும்னா

மொதல்ல குற்றம் எங்க நடந்துச்சுன்னு பாருங்க, ஆள் எந்த ஜெயில்ல இருக்காருன்னு இல்ல. பினாங்கு பட்டர்வொர்த்ல நடந்த கேஸ்னா அவர் காஜாங் ஜெயில்ல இருந்தாலும் மனு பினாங்கு கவர்னருக்குதான், கோலாலம்பூர் கேஸ்னாதான் மாமன்னருக்கு, அரசியலமைப்பு 42-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்லுது. ரெண்டுக்கும் தனித்தனி மன்னிப்பு வாரியம் இருக்கு, ஏஜி (அட்டர்னி ஜெனரல், அரசாங்கத்தோட தலைமை வக்கீல்) எழுத்துல குடுக்கற கருத்தையும் பாத்துட்டுதான் ஆலோசனை சொல்வாங்க.

அப்பீல் பாக்கி இருந்தா அத முடிச்சிட்டு வாங்க. உள்ள இருக்கறவரே ஜெயில் ஆபீசர் மூலமா மனு குடுக்கலாம், லோயர வச்சும் எழுதலாம்.

எழுதறப்போதான் நம்மாளுங்க சொதப்புவாங்க, சாட்சி பொய்னு நாலு பக்கத்துக்கு கேஸையே திரும்ப நடத்துவாங்க, அது கோர்ட்டு வேலை. இங்க ஆள் இப்போ எப்படி இருக்காருன்னுதான் காட்டணும். "நல்லா திருந்திட்டான் ஐயா"ன்னு மட்டும் எழுதினா யாரு நம்புவா, உள்ள இருந்தே எஸ்பிஎம் (பள்ளி இறுதிப் பரீட்சை) எழுதியிருந்தா அந்த சர்டிபிகேட், வியாதி இருந்தா ஆஸ்பத்திரி ரிப்போர்ட், வெளிய வந்தா வேலை தர்றேன்னு ஒர்க்‌ஷாப் முதலாளி கையெழுத்து போட்ட லெட்டர், தங்கறதுக்கு அக்கா வீட்டு அட்ரஸ், இதெல்லாம் சேருங்க.

முழு விடுதலைதான்னு இல்ல, தூக்கு தண்டனைய ஆயுள் தண்டனையா மாத்தலாம், வருஷத்த கொறைக்கலாம், எது வேணும்னு தெளிவா கேளுங்க. நன்னடத்தைக்கு மூணுல ஒரு பங்கு கழிவு தனியா இருக்கு, 9 வருஷம்னா 6 ஆகும், அதையும் கணக்கு பாத்துக்கோங்க.

"அரண்மனைல ஆள் இருக்கு"ன்னு காசு கேக்கறவன வாசலோட அனுப்பிடுங்க. குடுத்த மனுவுக்கு சாப் (முத்திரை) அடிச்ச காப்பி ஒண்ணு கைல வச்சுக்கோங்க, பின்னாடி விசாரிக்கறப்போ அதான் கேப்பாங்க.