கியரா, ஹைட்ரோவா? சிறிய டிராக்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு இளைஞர் தன் புது டிராக்டரை வந்து பார்க்கச் சொன்னார். 30 ஹெச்பிக்குள் அடங்கும் சின்ன வண்டி. முன்னால் லோடர், பின்னால் ரோட்டவேட்டர். எருக்குவியலில் பக்கெட்டைக் குத்தினார். கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போட்டார், மறுபடி மிதித்து முன் கியர் போட்டார், டிப்பரை நெருங்கும்போது கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து நகர்ந்தார், கொட்டினார், மறுபடி ரிவர்ஸ். 10 பக்கெட் கொட்டி முடிப்பதற்குள் அவருடைய இடது கால் எத்தனை தடவை இறங்கி ஏறுகிறது என்று நின்று எண்ணினேன். 63.

"ஏன் தம்பி கியர் வண்டி எடுத்தீங்க?"

"வருஷத்துக்கு ஒரு தடவை உழணும் அண்ணே. ஹைட்ரோ உழவுக்கு ஆகாதுன்னு எல்லாரும் சொன்னாங்க."

என் முதல் டிராக்டரை வாங்கிய அன்று நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். டயரில் காற்றுப் பார்ப்பது, டீசலில் தண்ணீர் கலக்காமல் பார்ப்பது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் வேறு.

முதலில் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கியர் வண்டியில் என்ஜினின் சுழற்சி கிளட்ச் வழியாகப் பல்சக்கரங்களுக்குப் போய், அங்கிருந்து சக்கரத்துக்குப் போகிறது. இரும்போடு இரும்பு நேராகப் பிடித்துக்கொள்வதால் வழியில் வீணாகும் சக்தி குறைவு. ஹைட்ரோ என்று சுருக்கமாகச் சொல்லும் ஹைட்ரோஸ்டேடிக் வண்டியில் என்ஜின் ஒரு பம்ப்பைச் சுற்றுகிறது. அந்தப் பம்ப் அழுத்தத்தோடு ஆயிலைத் தள்ளி ஒரு ஹைட்ராலிக் மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டாருக்குப் பின்னால் லோ, ஹை என்று இரண்டு அல்லது மூன்று ரேஞ்ச் (வேக நிலை) உள்ள சின்ன கியர்பாக்ஸ். பம்ப்புக்குள் சாய்ந்து நிற்கும் ஒரு தட்டு இருக்கிறது. நம் கால் பெடல் அந்தச் சாய்வைத்தான் மாற்றுகிறது. தட்டு நிமிர்ந்திருந்தால் ஆயில் ஓடாது, வண்டி நிற்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் முன்னால் போகும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் பின்னால் வரும். நடுவில் கிளட்சுக்கு வேலையே இல்லை. ஆனால் ஆயில் வழியாகச் சக்தி போகும்போது ஒரு பங்கு சூடாக மாறிக் கழிந்துவிடும்.

ஒரு நாள் உழவுக்காக வருடம் முழுக்க ஓட்டும் வண்டியைத் தேர்ந்தெடுப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். இதைச் செய்தவர்கள் கவனக்குறைவானவர்கள் இல்லை. நாலு பேரிடம் விசாரித்து, யோசித்து, பார்த்துப் பார்த்து வாங்கியவர்கள். எல்லாரும் அவர்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்: "எவ்வளவு கனமான வேலை செய்வீங்க?" உழவு என்று சொன்னதும் பதில் வந்துவிடும், கியர் எடுங்கள் என்று. அந்த உழவு வருடத்தில் எத்தனை மணி நேரம், மற்ற நேரத்தில் வண்டி என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

நான் எடுத்தது ஒற்றை உலர் கிளட்ச் உள்ள கியர் வண்டி. உழவுக்கு நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வருடத்தில் உழுதது மொத்தமே சில நாட்கள். மீதி நேரம் முழுக்க லோடர் வேலை. மண் அள்ளுவது, பாதையில் ஜல்லி பரப்புவது, எரு ஏற்றுவது, மரத்துண்டுகளைத் தூக்கி ஓரத்தில் வைப்பது. ஒரு பாரத்தைச் சரியான இடத்தில் இறக்க வண்டியை நாலு விரல் அளவு நகர்த்த வேண்டியிருக்கும். கியர் வண்டியில் அதற்கு ஒரே வழி ஹாஃப் கிளட்ச். கிளட்சைப் பாதியில் வைத்து நகர்த்தும் ஒவ்வொரு முறையும் தட்டு உரசித் தேய்கிறது, சூடாகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நூற்றுக்கணக்கான மணி நேரம் சேர்ந்த பிறகு ஒரு மேட்டில் என்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கருகிய வாசனை வந்தது.

கிளட்ச் தட்டு ஒன்றும் பெரிய பொருள் இல்லை, கையில் தூக்கிவிடலாம். அதன் பக்கத்தில் போய்ச் சேர்வதுதான் கஷ்டம். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் டிராக்டரையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். லோடரையும் அதன் சட்டத்தையும் கழற்ற வேண்டும். ஹைட்ராலிக் குழாய்கள், ஒயர்கள், டீசல் குழாய் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். முன் அச்சு ஆடாமல் ஆப்பு அடித்து, இரண்டு பாதிகளையும் தாங்கி நிறுத்தி, பிறகு பிரிக்க வேண்டும். 9 நாள் வண்டி பட்டறையில் கிடந்தது. செலவில் பொருளுக்கானது கொஞ்சம், கூலிதான் மிச்சம் முழுவதும்.

அப்புறமும் நான் பாடம் கற்கவில்லை. ஓட்டும் முறைதான் தப்பு, வண்டி சரியானதுதான் என்று நினைத்து அதே வேலையைத் தொடர்ந்தேன். இரண்டாவது தடவை பிரித்தபோது, கிளட்ச் தட்டு உரசும் பிளைவீல் முகத்தில் சூட்டு வெடிப்பு இருந்தது. அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. வேலைக்குப் பொருந்தாத வண்டியை எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் ஓரளவுக்குத்தான் காப்பாற்ற முடியும்.

வாங்குவதற்கு முன்பு இதைச் செய்யுங்கள். அடுத்த ஒரு வருடத்தில் வண்டி செய்யப் போகும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை மணி நேரம் என்று போடுங்கள். பிறகு ஒவ்வொரு வேலையிலும் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை நின்று திசை மாற வேண்டியிருக்கும் என்று எழுதுங்கள். லோடரில் ஒரு பக்கெட்டுக்கு 4 தடவை திசை மாறும். மரங்களைச் சுற்றிப் புல் வெட்டினால் நிமிடத்துக்கு ஒன்றாவது வரும். நீளமான நிலத்தில் கலப்பை இழுத்தால் ஓரத்துக்குப் போகும்போது மட்டும்தான். மொத்த மணி நேரத்தில் பாதிக்கு மேல் திசை மாற்றும் வேலை என்றால் ஹைட்ரோ எடுங்கள். உழவைக் குறித்துப் பயப்பட வேண்டாம். வண்டியின் அளவுக்கு ஏற்ற சின்னக் கலப்பையை ஹைட்ரோ லோ ரேஞ்சில் இழுக்கும். கியரைவிடக் கூடுதல் நேரமும் டீசலும் ஆகும். வருடத்தில் சில நாட்களுக்கு அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் ஓட்டிப் பார்க்கச் சுகமாக இருக்கிறது என்று ஹைட்ரோ எடுத்தார். அவருக்கு லோடரே இல்லை. காலையிலிருந்து மாலை வரை நீளமான நிலத்தில் மண்ணைக் கிளறும் வேலை. வலது காலால் ஒரே அழுத்தத்தில் மணிக்கணக்காகப் பெடலைப் பிடித்து முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம். பெடலை அதே நிலையில் பிடித்து வைக்கும் குரூஸ் இருந்தால் கால் தப்பிக்கும், ஆனால் ஆயிலில் கழியும் சக்தி திரும்பாது. அவர் கியர்தான் எடுத்திருக்க வேண்டும்.

இரண்டும் ஏறக்குறைய சரிபாதி என்றால் பவர் ஷட்டில் உள்ள வண்டியைப் பாருங்கள். ஆயிலில் நனைந்த கிளட்ச் தட்டுகளை ஹைட்ராலிக் அழுத்தம் பிடிக்கும். ஸ்டீயரிங் பக்கத்தில் உள்ள லீவரை இடது கையால் முன்னும் பின்னும் தள்ளினால் திசை மாறும், கிளட்ச் மிதிக்க வேண்டாம். சிங்க்ரோ ஷட்டில் என்பது வேறு. அதில் லீவர் இதே இடத்தில் இருக்கும், ஆனால் கிளட்சை மிதித்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு.

ஹைட்ரோ பெடலை ஆக்சிலேட்டர் என்று நினைப்பது

ஹைட்ரோவுக்குச் சக்தியே இல்லை என்று சொல்பவர்களில் பலர் இதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள். மேடு வந்து வண்டி திணறினால், கார் ஓட்டிய பழக்கத்தில் இன்னும் அழுத்துவார்கள். ஹைட்ரோவில் அழுத்துவது மேல் கியருக்குப் போவது மாதிரி. திணறுகிற வண்டிக்கு மேல் கியர் போட்டால் என்ன ஆகும்? இன்னும் திணறும்.

இரண்டு அறிகுறிகளைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். என்ஜின் சத்தம் இறங்கி அமுங்கினால், பெடலைத் தளர்த்துங்கள். ஒரு சுற்றுக்குப் பம்ப் தள்ளும் ஆயில் குறையும், என்ஜின் மீது பாரம் குறையும், மூச்சு திரும்பும். என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் வண்டி நகரவில்லை, கீச்சென்று ஒரு சத்தம் என்றால் கதை வேறு. அழுத்தம் எல்லையைத் தொட்டு ரிலீஃப் வால்வு திறந்துவிட்டது. அங்கே நின்று அழுத்திக்கொண்டே இருந்தால் ஆயில்தான் கொதிக்கும். நிறுத்தி லோ ரேஞ்சுக்கு மாற்றுங்கள். அத்துடன் என்ஜின் வேகத்தைக் கை திராட்டிலில் ஏற்றி வையுங்கள். பல புதியவர்கள் டீசலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே வைத்து லோடரை ஓட்டுகிறார்கள். பம்ப்புக்குச் சுற்று இல்லாமல் சக்தி எங்கிருந்து வரும்?

என்ஜின் ஹெச்பியை மட்டும் ஒப்பிடுவது

பிடிஓ ஹெச்பியைப் பாருங்கள், அதாவது பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றும் தண்டில் கிடைக்கும் சக்தியை. ஒரே என்ஜின் உள்ள சிறிய டிராக்டர்களில் ஹைட்ரோ வகைக்கு அது கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

ரிவர்ஸ் கியர்களை எண்ணாமல் விடுவது

8+2 என்றால் பின்னோக்கி 2 வேகம்தான். லோடர் போடப் போகும் கியர் வண்டிக்கு அது போதாது.

சரிவில் ரேஞ்ச் லீவரைத் தொடுவது

இதில் பணம் மட்டும் போகாது, உயிரும் போகலாம். ஹைட்ரோவில் பெடலை விட்டால் வண்டி தானாக வேகம் குறைந்து நிற்கும். அந்த நம்பிக்கையில் பிரேக்கையே மறந்துவிடுகிறார்கள். சரிவின் நடுவில் லோ ரேஞ்சுக்கு மாற்றலாம் என்று லீவரை இழுத்தால், அது நியூட்ரலைக் கடக்கும் அந்த நொடியில் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். வண்டி உருள ஆரம்பிக்கும். உருளும் வண்டியில் ரேஞ்சைத் திரும்பப் போட முடியாது. ஒருமுறை இப்படி ஒரு வண்டி டிரெய்லரோடு கீழே ஓடியதை நேரில் பார்த்தேன். ஓட்டியவர் பதறாமல் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்ததால் தப்பினார். ரேஞ்சைச் சரிவு தொடங்கும் முன்பே, சமதளத்தில், நின்று மாற்றுங்கள்.

நிறுத்திவிட்டு இறங்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஹைட்ரோ ஆயில் பம்ப்புக்கும் மோட்டாருக்கும் உள்ளேயே மெல்லக் கசியும், நிற்பதாக நினைத்த வண்டி மெதுவாக ஊரும். பார்க்கிங் பிரேக் போடாமல் இறங்காதீர்கள். கியர் வண்டிக்காரர்களுக்கும் ஒன்று: இறக்கத்தில் கிளட்சை மிதிப்பதும் சக்கரத்தை அவிழ்த்துவிடுவதுதான்.

பிடிஓ எதோடு இணைந்திருக்கிறது என்று கேட்காமல் வாங்குவது

ஒற்றை நிலை கிளட்ச் உள்ள கியர் வண்டியில் கிளட்சை மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் சக்தியோடு பிடிஓவும் துண்டிக்கப்படும். அடர்ந்த புல்லில் வண்டியை மட்டும் நிறுத்திப் பிளேடை ஓடவிட முடியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. சுழலும் கனமான பிளேடின் வேகம் பிடிஓ தண்டு வழியாகத் திரும்பி வந்து, கிளட்ச் மிதித்த பிறகும் வண்டியை முன்னால் தள்ளும். எனக்கு ஒரு வேலிக் கம்பம் போனது அப்படித்தான். அத்தகைய வண்டிக்குப் பிடிஓ தண்டில், பிளேடின் வேகம் திரும்பி வராமல் தடுக்கும் ஓவர்ரன்னிங் கிளட்ச் மாட்டுங்கள். இரட்டை நிலை கிளட்ச் என்றால் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பிடிஓ ஓடும். வண்டியின் கிளட்சோடு சேராத தனித்த பிடிஓ இன்னும் நல்லது. ஹைட்ரோவின் உண்மையான பலம் இங்கேதான் தெரிகிறது. பிடிஓவை நிமிடத்துக்கு 540 சுற்றில் நிலையாக வைத்துக்கொண்டு, புல்லின் அடர்த்திக்கு ஏற்ப வண்டியின் வேகத்தை மட்டும் காலால் கூட்டிக் குறைக்கலாம்.

ஹைட்ரோவைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று நினைப்பது

முடியாது. நல்ல பேட்டரி வையுங்கள்.

கியர் ஆயிலும் ஹைட்ரோ ஆயிலும் ஒன்றுதான் என்று நினைப்பது

கியர்பாக்ஸ் கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். ஹைட்ரோ பம்ப்பின் பிஸ்டன்கள் மிக நுண்ணிய இடைவெளியில் ஓடுபவை, அவை பொறுக்காது. பல சிறிய டிராக்டர்களின் கையேட்டில் முதல் பில்டர் மாற்றம் 50 மணி நேரத்திலேயே வரும். புது வண்டியில் தேய்ந்து உதிரும் இரும்புத்தூளைப் பிடிப்பது அந்தப் பில்டர்தான், அதைத் தள்ளிப் போடாதீர்கள். கையேடு சொல்லும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். புல் வெட்டினால் ஆயில் குளிர்விப்பானின் இடுக்குகளை அன்றன்றே சுத்தம் செய்யுங்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஹைட்ரோ நீண்ட நாள் உழைக்கும். இது நேற்று வந்த சமாச்சாரமும் இல்லை. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1967இலேயே பார்மால் 656 டிராக்டரில் இதைக் கொடுத்துவிட்டது.

வெற்று முற்றத்தில் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பது

பாரம் இல்லாத வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். பக்கெட் நிறைய மண்ணோடு ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். வேலைக்குப் போடும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள். சில ஹைட்ரோக்களில் முன்னுக்கும் பின்னுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெடல், சிலவற்றில் நுனிக்காலாலும் குதிகாலாலும் அழுத்தும் ஒரே பெடல். கனமான பூட்ஸில் இரண்டில் எது உங்கள் காலுக்கு ஒத்துவருகிறது என்பது ஓட்டினால்தான் தெரியும்.

அந்த இளைஞரிடம் வண்டியை விற்கச் சொல்லவில்லை, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிப்பரைக் குவியலுக்குப் பக்கத்தில் சாய்வாக நிறுத்தினோம். லோ கியர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கிளட்சை முழுக்க விட்டு, வண்டியின் போக்கிலேயே டிப்பரை நெருங்கி, ஒரே தடவை மிதித்து நிறுத்தச் சொன்னேன். திசை மாற்றுவதைத் தவிர வேறு எதற்கும் இடது கால் இறங்கக் கூடாது என்று பேச்சு. மறுபடி 10 பக்கெட் அள்ளினார். எண்ணினேன். 41.