முதியோர் இல்லத்தில் பெரியவர்களின் உடைமைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகள் கொழும்பிலோ மத்திய கிழக்கு நாடுகளிலோ வேலை செய்ய, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டில் தனித்துப்போன தாயையோ தந்தையையோ முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முடிவு இலங்கையின் மலையகத்தில் பெரும்பாலும் அவசரத்தில்தான் எடுக்கப்படுகிறது. வைத்தியசாலையில் டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய கையோடு, ஒரு பையில் அள்ளிப் போட்ட உடுப்புகளுடன் பெரியவர் இல்லத்துக்கு வந்து சேர்கிறார். சில மாதங்கள் போனதும் கம்பளிச் சட்டையைக் காணவில்லை, மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை, கடைசியில் அடையாள அட்டையையும் காணவில்லை என்ற பேச்சு எழுகிறது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள் குடும்பத்தினர். அவர் அதைக் கொண்டு வரவே இல்லை என்கிறார்கள் இல்லத்தார். இரு தரப்பினரும் தாங்கள் சொல்வதை மனதார நம்புகிறார்கள். ஆனால் எடுத்துக் காட்ட இருவரிடமும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு இதுதான்: பெரியவரைச் சேர்க்கும் நாளில் உடைமைகளை எழுதி வைக்காமல் விடுவது. எழுதும் இல்லங்களிலும் "சட்டை 3, சேலை 4, போர்வை 1" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதைக் கொண்டு எதையும் தேட முடியாது. "சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, முன்பக்கம் ஐந்து பொத்தான்கள், மேல் பொத்தான் மட்டும் கறுப்பு, இடது முழங்கையில் பச்சை நூலால் தைத்த ஒட்டு" என்று எழுதியிருந்தால், நேற்று வேலைக்குச் சேர்ந்த பணியாளர்கூட உலர்த்தும் கொடியில் அதை அடையாளம் கண்டுவிடுவார். பட்டியலை இரண்டு பிரதிகளாக எழுதி, பெரியவரும் குடும்பத்தில் ஒருவரும் இல்லப் பொறுப்பாளரும் ஒப்பமிட்டு, ஒன்றை இல்லமும் மற்றொன்றைக் குடும்பமும் வைத்துக்கொள்ள வேண்டும். கையடக்கத் தொலைபேசியில் படமும் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ பார்க்க வருபவர்கள் புதுச் சேலையும் போர்வையும் கொண்டு வந்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவார்கள். அவற்றையும் அன்றே பட்டியலில் சேர்க்க வேண்டும். நல்ல மனதுடன் உதவி செய்யும் அமைப்புகள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் போர்வை பகிர்ந்தளிக்கும் நாள்களில் குழப்பம் இரட்டிப்பாகும் என்பதால், போர்வைகளைக் கையில் கொடுப்பதற்கு முன்பே அடையாளமிட்டுவிடுவது நல்லது.

சலவையும் மலைக் குளிரும்

இல்லங்களில் காணாமல் போகும் பொருள்களில் பெரும்பகுதியைத் திருடன் தொடுவதே இல்லை. அவை சலவையில் கலந்து, வேறொருவரின் அலுமாரிக்குப் போய்ச் சேர்கின்றன. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. தென்மேல் பருவ மழைக் காலத்தில் அங்கும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களிலும் துணி உலர நாள் கணக்கில் ஆகும். அந்த நாள்களில் எல்லோருடைய கம்பளிச் சட்டையும் குல்லாவும் காலுறையும் சமையலறை அடுப்பின் மேலோ மூடிய விறாந்தையிலோ ஒரே கொடியில் தொங்கும். அரை ஈரத்தோடு எடுத்து, அவசரமாக மடித்து, கிட்டத்தட்ட அளவு சரியாக இருக்கும் யாருக்காவது கொடுப்பது அப்போது வழக்கமாகிவிடுகிறது.

பேனாவால் காலரில் பெயர் எழுதுவது இரண்டு சலவைக்குக்கூடத் தாங்காது. வெள்ளை நாடாவில் பெயரை நூலால் தைத்து, அதைச் சட்டையின் உட்பக்கத்தில் பொருத்துவதே நிலைத்து நிற்கும். பெயர் மட்டும் போதாது. ஒரே தலைமுறையைச் சேர்ந்த தோட்டத்துப் பெண்களில் லெட்சுமியும் இராமாயியும் ஒரே மண்டபத்தில் இருவர் மூவராவது இருப்பார்கள். எனவே பெயருடன் இல்லம் கொடுத்த இலக்கத்தையோ, அவர் வந்த தோட்டத்தின் பெயரையோ சேர்க்க வேண்டும். சலவை செய்பவர் சிங்கள மொழி மட்டும் வாசிப்பவராக இருக்கக்கூடும் என்பதால் இரு மொழியிலும் தைப்பது பயன் தரும். இலக்கம் இருந்தால் அந்தச் சிக்கலும் இல்லை. அடையாளத்தை வெளியே தெரியும்படி முதுகில் பெரிதாக எழுதும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிட வேண்டும். அறுபது வருடம் தன் பெயரோடு வாழ்ந்த மனிதரை அது ஒரு சரக்குப் பொதியாக்கிவிடுகிறது.

கண்ணாடி, கட்டுப்பல், காதுக் கருவி ஆகிய மூன்றும் தொலைவதில் ஒரு ஒழுங்கு உண்டு. கட்டுப்பல்லைச் சாப்பிடும்போது கழற்றிக் கடதாசியில் சுற்றித் தட்டில் வைப்பார்கள்; தட்டோடு அது குப்பைக்குப் போகும். காதுக் கருவி சட்டைப் பையில் இருந்தபடியே சலவைத் தொட்டிக்குள் விழும். கண்ணாடி கட்டில் மாறும். மூடியுள்ள, பெயரிட்ட ஒரு பெட்டி கட்டிலருகே எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை நடக்காது. கட்டுப்பல் அந்த ஒரு வாய்க்கு மட்டுமே பொருந்தும். அது போனால் புதிது செய்யும்வரை பெரியவர் ரொட்டியை ஊறவைத்துத்தான் சாப்பிட வேண்டும். நள்ளிரவில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் வந்து ஒருவரை ஏற்றிச் செல்லும் அவசரத்தில் இந்த மூன்றும் அடிக்கடி கைமாறிப் போகின்றன. எவை உடன் சென்றன, எவை இல்லத்தில் இருக்கின்றன என்று யாராவது ஒருவர் உடனே கொப்பியில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

ஆவணங்கள்

மலையகப் பெரியவர் ஒருவரின் தகரப் பெட்டியில் விலைமதிப்பு மிக்கது எது என்று கேட்டால், பலரும் நகையையே சுட்டிக்காட்டுவார்கள். என் கணிப்பில் அது பொலித்தீனில் சுற்றிய காகிதக் கட்டுதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இந்தியாவுடன் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம், அதன்பின் 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் என்று படிப்படியாகவே அந்த நிலை நீங்கியது. இன்று எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு சான்றிதழுக்காகக் காத்திருந்தவராக இருக்கக்கூடும். பிறப்புப் பதிவில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் (வேலையாள்களின் பெயர்ப் பதிவேட்டில்) ஒரு பெயர், அடையாள அட்டையில் மற்றொரு எழுத்துக்கூட்டல் என்று இருப்பவருக்கு, ஒரு காகிதம் தொலைந்தால் மற்றவற்றை வைத்து அதை மீட்பது எவ்வளவு சிரமம் என்பதைப் பிரதேச செயலகத்தில் காத்து நின்றவர்கள் அறிவார்கள்.

இல்லம் கேட்டதும் எல்லா மூலப் பத்திரங்களையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்துவிடுவது தவறு. அவற்றைப் பெரியவரின் தலையணைக்கடியில் விட்டுவிடுவதும் அதே அளவு தவறு. அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும் பெரியவர் இருக்கும் இடத்தில் இருந்தாக வேண்டும். பிரஜாவுரிமைப் பத்திரம், பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், ஊழியர் சேமலாப நிதி தொடர்பான கடிதங்கள் ஆகியவற்றின் நிழற்படப் பிரதிகளை இல்லத்தில் கொடுத்து, மூலங்களைப் பொறுப்பான பிள்ளை ஒருவர் வைத்துக்கொண்டு, அதைப் பட்டியலில் எழுத வேண்டும். அடகுச் சீட்டும் ஓர் உடைமைதான். திருப்பும் தவணை தவறிப்போனால் நகையே போய்விடும். அடையாள அட்டை தொலைந்தால் மாற்று அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி தேவைப்படும் என்பதால், கிடைத்துவிடும் என்று நாள்களைத் தள்ளிப்போடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததைக் கண்ட பின்னரும், மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளில் இயங்கும் இல்லங்கள் இப்பிரதிகளை எடுத்துக்கொண்டு வெளியேறக்கூடிய ஒரே நீர்புகாப் பையில் வைக்காதிருப்பது கவலைக்குரியது.

நகை, பணம், கைநாட்டு

நகையைப் பற்றிக் குடும்பங்கள் இரண்டு எல்லைகளில் ஒன்றுக்குப் போகின்றன. சிலர் எல்லாவற்றையும் அணிந்தபடியே அனுப்புகிறார்கள். சிலர் மூக்குத்தியைக்கூடக் கழற்றி எடுத்துவிடுகிறார்கள். பதினாறு வயதில் குத்திய மூக்குத்தி இல்லாமல் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க மறுக்கும் அம்மாயிமார் உண்டு. அவர் விரும்பும் ஒன்றிரண்டை அணிந்திருக்கட்டும். மற்றவற்றை எடை, கல்லின் நிறம், முறிவு, பற்றவைத்த இடம் ஆகிய குறிப்புகளுடன் படமெடுத்துக் குடும்பம் பொறுப்பேற்கட்டும். வயதாகும்போது விரல் மெலிந்து மோதிரம் கைகழுவும்போதே நழுவும்; வீங்கினால் வெட்டி எடுக்க வேண்டிவரும். மாதம் ஒரு முறை அதைப் பார்ப்பது யாராவது ஒருவரின் வேலையாக இருக்க வேண்டும்.

பணத்தில் மிகப் பெரிய ஆபத்து வங்கி அட்டையின் பின்புறம் இரகசிய இலக்கத்தை எழுதி வைப்பதும், கைநாட்டு வைக்கும் பெரியவரிடம் வாசித்துக் காட்டாத காகிதத்தில் பெருவிரல் அடையாளம் வாங்குவதும் ஆகும். கொழுந்து பறித்தே காய்த்துப்போன அந்த விரலின் பதிவைப் பெறுவதற்கு முன், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவருடைய மொழியில், வெளியாள் ஒருவர் முன்னிலையில் வாசிக்க வேண்டும். கேட்பவர் பணியாளரானாலும் சொந்த மகனானாலும் இதில் விலக்கு இருக்கக் கூடாது. சொல்லக் கசப்பாக இருந்தாலும், பெரியவரின் சேமிப்பை எடுக்கும் கை சில வேளைகளில் உறவினரின் கையாகவும் இருக்கிறது. வெற்றிலைக்கும் காணிக்கைக்கும் சில்லறை கையில் இருப்பது அவரது உரிமை. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு ரூபாயும் வரவு செலவுக் கொப்பியில் ஏற வேண்டும்.

பாதுகாப்பு என்ற பெயரில் எல்லாவற்றையும் பொறுப்பாளரின் அலுமாரியில் பூட்டிவிடும் இல்லங்களும் இருக்கின்றன. தன் வானொலியைக் கேட்க அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது. கட்டிலருகே பூட்டுப்போடக்கூடிய சிறு பெட்டியும், ஒரு சாவி அவரிடமும் மறு சாவி காரியாலயத்திலும் இருப்பதும் போதுமானது.

பொருளைக் காணாதபோது

மறதி நோய் உள்ளவர் தன் பொருளைத் தானே ஒளித்து வைத்துவிட்டு, திருடு போய்விட்டது என்று அழுவது அந்நோயில் அடிக்கடி காணப்படுவது. அதற்காக அவர் சொல்வதைத் தட்டிக்கழிப்பது தவறு. மறதி உள்ளவரிடமும் உண்மையிலேயே திருடுகிறார்கள், அவர் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள் என்ற துணிவில்தான். கேட்டவுடன் ஒரு பணியாளரின் பெயரைச் சொல்லிச் சத்தமிடுவதும் தவறு. குறைந்த சம்பளத்தில் உழைக்கும் அந்தப் பெண்ணின் மீது ஒரு முறை விழுந்த பழி, பொருள் மெத்தைக்கடியில் கிடைத்த பிறகும் போகாது. கடைசியாக எப்போது, யார் பார்த்தார்கள் என்று முதலில் கேட்டு எழுதி, தலையணை உறை, மெத்தையடி, காலணி, பக்கத்துக் கட்டில், சலவைக் கூடை என்று அன்றே தேட வேண்டும்.

கிடைக்கவில்லையானால் பொறுப்பாளருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியில் திகதியிட்ட ஒப்பம் பெற வேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. பதில் கிடைக்காதவர்கள் பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரை அணுகலாம். திருட்டு என்று கருத நியாயமான காரணம் இருந்தால் பொலிஸ் முறைப்பாட்டைத் தாமதிக்கக் கூடாது. தமிழும் அரசகரும மொழி என்பதால் முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். சிங்களத்தில் எழுதப்பட்டால், பொருளின் விவரங்கள் பட்டியலில் உள்ளபடியே பதிவாகியிருக்கின்றனவா என்று ஒப்பமிடுவதற்கு முன் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.