நாய்க்குட்டிக்கு முதல் இரண்டு மாதப் பயிற்சி

8 வாரம் நிறைவதற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பது கூடப்பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடும்போதுதான் அதற்குப் பிடிபடும். சீக்கிரமே தூக்கி வந்தால் அந்தப் பாடத்தையும் நாமே நடத்த வேண்டியிருக்கும்.

கழிப்புப் பழக்கத்தை வந்த அன்றே தொடங்குங்கள். தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட 5 முதல் 20 நிமிடத்துக்குள்ளும் குட்டிக்குப் பெரும்பாலும் வந்துவிடும். இவை போக, விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறையாவது வெளியே கொண்டுபோங்கள். 2 மாதக் குட்டி 2 மணி நேரம் அடக்குவதே பெரிது. இரவிலும் ஓரிரு முறை எழுந்துதான் ஆக வேண்டும். போகிற இடம் மாறக்கூடாது. தரையை மோந்தபடி வட்டமடிக்கத் தொடங்கினால் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முடித்த கையோடு, அங்கேயே நின்று தின்பண்டம் கொடுங்கள். உள்ளே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் போய்விட்டால் அடிப்பது, மூக்கைப் பிடித்துத் தேய்ப்பது எல்லாம் வீண். ஆள் இருக்கும்போது போகக்கூடாது என்று மட்டும்தான் அதற்குப் புரியும். பிறகு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும். வெளியே கூட்டிப்போனாலும் உங்கள் எதிரே போகாது. சிறுநீர் வாடையைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். அமோனியா சேர்ந்தது வேண்டாம். அந்த வாடை சிறுநீரைப் போலவே இருப்பதால் அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

கூண்டு வைத்தால், நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடமிருந்தால் போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் போய்விடும்.

கையைக் கடித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள்; ஓடும் கையைத் துரத்துவது அதற்கு இன்னும் ஜாலி. கையைத் தளர்த்தி, விளையாட்டை நிறுத்தி, 20 விநாடி முகம் கொடுக்காமல் நில்லுங்கள். பிறகு கடிக்கத் தகுந்த பொம்மையைக் கொடுங்கள். வீட்டில் எல்லாரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் கையை நீட்டி விளையாட்டுக் காட்டினாலும் போச்சு. மாலையில் வெறி பிடித்ததுபோல் ஓடிக் கடிக்கிறதா? பெரும்பாலும் தூக்கக் குறைவுதான். இந்த வயதில் நாளுக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும்.

குட்டி எதையும் பயமில்லாமல் ஏற்பது சுமார் 14 வாரம் வரைதான். தடுப்பூசிகள் முடிய 16 வாரமாவது ஆகும். அதுவரை வீட்டிலேயே அடைத்து வைத்தால் பின்னாளில் குடையைக் கண்டால்கூடக் குரைக்கும். தெருநாய்கள் புழங்கும் தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு வண்டிச் சத்தம், குழந்தைகள், தொப்பி போட்டவர்கள் என்று காட்டுங்கள். அது பின்வாங்கினால் வற்புறுத்தாமல் தூரத்தைக் கூட்டுங்கள்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டவே கூடாது. மருந்து கொடுக்கவோ குளிப்பாட்டவோ வேண்டுமென்றால் நீங்களே போய்த் தூக்குங்கள். கூப்பிட்டு வந்தால் எப்போதும் நல்லதே கிடைக்க வேண்டும்.

உணவு நாளுக்கு 3 அல்லது 4 வேளை. சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்த சூயிங்கம் ஆகியவை நஞ்சு. வாந்தியோடு ரத்தம் கலந்த பேதி இருந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.