டெக்சாஸ் அரசுப் பள்ளிகள்: எதற்கு யாரிடம் போவது?

டெக்சாஸில் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள், வீடு பார்ப்பதற்கு முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இங்கே பள்ளிகள் ஒரே துறையின் கையில் இல்லை. என்ன கற்பிப்பது என்று ஒரு அமைப்பு முடிவு செய்கிறது. ஒழுங்காக நடக்கிறதா என்று இன்னொன்று கண்காணிக்கிறது. பள்ளியை நடத்துவது மூன்றாவது ஒன்று. இது புரியாமல் போனால், பக்கத்துத் தெருவில் முடிய வேண்டிய வேலைக்கு மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

மேலே இருப்பது மாநிலக் கல்வி வாரியம். 15 உறுப்பினர்கள், 15 தொகுதிகள். கட்சி சார்பில் தேர்தலில் நின்று, 4 ஆண்டுக் காலத்துக்கு வருகிறார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகள் என்ன கற்க வேண்டும் என்ற பாடத்தரம் (எல்லோரும் ‘டெக்ஸ்’ என்பார்கள்), எந்தப் பாடநூல்களுக்கு ஒப்புதல், உயர்நிலைப் பள்ளிப் பட்டத்துக்கு எத்தனை கிரெடிட் என்பதெல்லாம் இவர்கள் கையில். இந்த டெக்ஸ் ஆவணத்தை உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு மட்டுமாவது படியுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘இங்கே வாய்ப்பாடே சொல்லிக்கொடுப்பதில்லை’ என்று நம்மவர்கள் புலம்புவதுண்டு. மூன்றாம் வகுப்புக் கணிதத்தை எடுத்துப் பாருங்கள்: பத்தாம் வாய்ப்பாடு வரை பெருக்கலும் அதற்கான வகுத்தலும் யோசிக்காமல் சொல்ல வர வேண்டும் என்று எழுதியே இருக்கிறது. ஆசிரியரைச் சந்திக்கும்போது பொதுவாகக் குறைப்பட்டுக்கொள்வதை விட, அந்த வரியைக் காட்டி ‘என் மகள் இதில் எங்கே நிற்கிறாள்?’ என்று கேட்டால் நேரான பதில் கிடைக்கும்.

வாரியம் ஒப்புதல் தந்த புத்தகத்தைத்தான் பள்ளிகள் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதனால் அடுத்தடுத்த ஊர்களில் புத்தகம் வேறாக இருக்கலாம், பாடத்தரம் ஒன்றுதான்.

அடுத்தது டெக்சாஸ் கல்வி முகமை, சுருக்கமாக டி.இ.ஏ. இதன் தலைவரான ஆணையரை ஆளுநர் நியமிக்கிறார். மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரையும் உயர்நிலைப் பள்ளியில் சில பாடங்களுக்கும் நடக்கும் ‘ஸ்டார்’ தேர்வு, பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரும் மதிப்பீடு இரண்டும் இவர்கள் வேலை. 2025இல் வந்த சட்டப்படி 2027-28 கல்வியாண்டில் ஸ்டாருக்குப் பதிலாக ஆண்டுக்கு மூன்று சிறிய தேர்வுகள் வரவிருக்கின்றன. முகமையின் அதிகாரம் சாதாரணமானதல்ல. 2023 ஜூனில் மாநிலத்திலேயே பெரிய ஸ்கூல் டிஸ்ட்ரிக்டான (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஹூஸ்டன் ஐ.எஸ்.டி.யின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டு, மக்கள் தேர்ந்தெடுத்த குழுவின் இடத்தில் தான் நியமித்தவர்களை உட்கார வைத்தது. அங்குள்ள ஒரு பள்ளி தொடர்ந்து பல ஆண்டுகள் தேறாததும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனாலும் ‘ஏ’ என்ற ஓர் எழுத்தை மட்டும் நம்பி வீடு பிடிக்காதீர்கள் என்பேன். நேரில் போய் ஒரு வகுப்பறையையாவது பாருங்கள்.

சரி, அன்றாடம் உங்களுக்கு வேண்டியது மூன்றாவது அடுக்கு: ஐ.எஸ்.டி. எனப்படும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். ஆசிரியர் நியமனம், பேருந்து, எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி என்பதெல்லாம் இங்கேதான். ஊர் எல்லையும் டிஸ்ட்ரிக்ட் எல்லையும் ஒன்றல்ல. ஃபிரிஸ்கோ நகருக்குள்ளேயே ஃபிரிஸ்கோ, லூயிஸ்வில், லிட்டில் எல்ம், பிராஸ்பர் என நான்கு ஐ.எஸ்.டி.கள் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த முகவரியை டிஸ்ட்ரிக்ட் தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். வீட்டு ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வது போதாது.

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, முந்தைய பள்ளியின் மதிப்பெண் சான்று, முகவரிக்கு ஆதாரம் வேண்டும். செப்டம்பர் 1 அன்று 5 வயது முடிந்திருந்தால் கிண்டர்கார்டனில் சேரலாம். விசா நிலையைக் காரணம் காட்டி எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்ப முடியாது. இதே டெக்சாஸிலிருந்து போன வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் தந்த தீர்ப்பு அது.

சேர்க்கையின்போது ஒரு படிவம் தருவார்கள்: வீட்டில் என்னென்ன மொழி, வீட்டில் குழந்தை பேசுவது என்னென்ன மொழி? ‘தமிழ்’ என்று எழுதினால் பிள்ளையைத் தனி வகுப்பில் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து பலர் ‘இங்கிலீஷ்’ என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டாம். உள்ளதை எழுதுங்கள். பிள்ளையின் ஆங்கிலத்தைச் சோதிப்பார்கள்; நன்றாக இருந்தால் அதோடு முடிந்தது. உதவி தேவைப்பட்டால் உங்கள் ஒப்புதல் கேட்டுத்தான் ஆங்கிலம் கற்க உதவும் திட்டத்தில் சேர்ப்பார்கள். உண்மையிலேயே தடுமாறும் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய உதவியை நாமே ஏன் அடைக்க வேண்டும்?

குறை இருந்தால் ஆசிரியர், பள்ளி முதல்வர், டிஸ்ட்ரிக்ட் அலுவலகம், அப்புறம் டிஸ்ட்ரிக்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு என்று படிப்படியாகப் போக வேண்டும். எழுத்து மூலமாகவே போங்கள், காலக்கெடு உண்டு. மாநிலக் கல்வி வாரியம் தனிப்பட்ட குறைகளைத் தீர்க்கும் இடமல்ல. சிறப்புக் கல்வி (குறைபாடோ கற்றல் சிரமமோ உள்ள பிள்ளைகளுக்கானது) மட்டும் சற்று வேறு: பிள்ளைக்கு அது தேவையா என்று பரிசோதிக்கும்படி டிஸ்ட்ரிக்டுக்கு எழுதிக் கொடுத்தால் 15 பள்ளி நாட்களுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். விதி மீறப்பட்டால் டி.இ.ஏ.விடமே நேராகப் புகார் செய்யலாம்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு இந்தத் தேர்தல்களில் வாக்கு இல்லை, ஆனால் பேச உரிமை உண்டு. டிஸ்ட்ரிக்ட் குழு எடுத்துக்கொள்ளும் பொருள் பற்றிப் பெற்றோர் பேச இடம் தர வேண்டும் என்பது 2019 முதல் சட்டம். மாநில வாரியமும் பாடத்தரத்தை மாற்றும்போது பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. முன்பே பெயர் பதிய வேண்டும், கிடைப்பது சில நிமிடங்கள்தான். சமூக அறிவியல் பாடத்தரம் விவாதத்துக்கு வரும்போது, அதில் இந்தியாவைப் பற்றியும் இந்து, பௌத்த சமயங்களைப் பற்றியும் என்ன எழுதப்படுகிறது என்று வரைவைப் படித்துவிட்டு, திருத்த வேண்டிய வரியைக் குறிப்பிட்டுப் பேசுங்கள்.