ஒரு காது கேளாதவர்களுக்கு எலும்புவழிக் கருவி: ஒப்பரேஷனுக்கு முதல் பட்டியைக் கட்டிப் பாருங்கள்

ஒரு காது முற்றாகக் கேளாமல் மறுகாது நன்றாக இருந்தால், வீட்டுக்குள் பெரிய குறை தெரியாது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால்தான் தெரியும்: கேளாத பக்கம் நிற்கும் கொண்டக்டர் மிச்சக் காசைப் பற்றி ஏதோ சொல்கிறார், என்னவென்று பிடிபடாது. தாழ்ந்த சுருதி ஒலிகள் தலையைச் சுற்றி வளைந்து நல்ல காதுக்கு வந்துவிடும். ச, ஸ், ஷ போன்ற கூர்மையான ஒலிகளைத் தலை மறித்துவிடும். சத்தம் கேட்கும், சொல் விளங்காது.

எலும்புவழிக் கருவி இந்த மறைப்பைத்தான் தாண்டுகிறது. கேளாத பக்கம் உள்ள மைக் ஒலியை வாங்கும், கருவி மண்டையோட்டை நுண்ணியதாக அதிரச் செய்யும், அந்த அதிர்வு மறுபக்கத்து நல்ல உட்செவியைச் சேரும். செத்த காது உயிர்பெறுவதில்லை. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் திரும்பக் கிடைக்காது, ஏனெனில் கேட்பது இன்னமும் ஒரே உட்செவிதான். வீதியைக் கடக்கும்போது ஹோர்ன் சத்தத்தை நம்பாமல் இரு பக்கமும் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைக் கருவி வந்த பிறகும் விடாதீர்கள்.

காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் அடைத்துப்போனதா? அப்படியானால் கருவியை மறந்துவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். ஸ்டீரொய்ட் மருந்து ஆரம்ப நாட்களில்தான் நன்றாக வேலை செய்யும். பழைய பாதிப்பாக இருந்தாலும் காரணம் தெரியாவிட்டால், செவி நரம்பில் கட்டி இல்லை என்பதை எம்ஆர்ஐ ஸ்கான் மூலம் முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஏனெனில் காந்தம் உள்ள கருவியைத் தலையில் பதித்த பிறகு எடுக்கும் ஸ்கான் படத்தில் அந்தப் பக்கம் கறுப்பாக மறைந்துபோகும். ஓடியோகிராமில் (கேட்கும் திறனைச் சோதித்து வரையும் வரைபடம்) நல்ல காதின் 500, 1000, 2000, 3000 ஹேர்ட்ஸ் சராசரி 20 டெசிபெல் அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். நல்ல காதும் மங்கிவருகிறது என்றால் இந்த வழி நெடுங்காலம் கைகொடுக்காது.

அடுத்தது முக்கியமான படி. அதே கருவியை இழுபடும் தலைப்பட்டியில் பொருத்தி, ஒன்றிரண்டு வாரம் இரவல் தரும்படி ஓடியோலொஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்துபவர்) கேளுங்கள். பட்டியில் கருவி பொருந்தும் வட்டு காதுமடலில் முட்டாமல் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் இருக்க வேண்டும், இடையில் மயிர் சிக்கக்கூடாது. பட்டிக்கடியில் ஒரு விரல் நுழையும் இறுக்கம் போதும்.

வீட்டில் இரண்டு சோதனை செய்யுங்கள். கேளாத பக்கம் ஒருவரை இருத்தி, தாழ்ந்த குரலில் பத்துச் சொல் சொல்லச் செய்து, கருவி போட்டும் போடாமலும் எத்தனை சரி என்று எழுதுங்கள். பிறகு ரேடியோவைக் கேளாத பக்கம் சத்தமாக வைத்து, பேசுபவரை நல்ல பக்கம் இருத்துங்கள். இம்முறை கருவி போட்டால் மோசமாகக் கேட்கக்கூடும். இதுவரை தலை மறித்துத் தந்த இரைச்சலையும் கருவி நல்ல காதுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அது பழுது அல்ல. அவ்வேளையில் ஒலியைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். பலர் கருவியை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவதற்கு இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததும் ஒரு காரணம். இதன் பிறகு புறக்கோட்டைச் சந்தை, கலியாண மண்டபம், அலுவலகக் கூட்டம் என்று உங்கள் சொந்த இடங்களில் போட்டுப் பாருங்கள். பட்டியில் தோல் கூர்மையான ஒலியைச் சற்று விழுங்கும், ஆகவே பதித்த கருவி இதைவிடத் தெளிவாக இருக்கலாம். ஆனால் பட்டியில் துளியும் பயன் தெரியாதவர் ஒப்பரேஷனுக்கு அவசரப்படக்கூடாது. ஒலியை நல்ல காதுக்கு வயரில்லாமல் அனுப்பும் குரொஸ் கருவியையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். அதற்குக் கத்தியே தேவையில்லை.

பதிப்பதில் இரண்டு வகை. பாஹா கனெக்ட், பொன்டோ போன்றவற்றில் 3 அல்லது 4 மில்லிமீற்றர் டைட்டானியத் திருகு எலும்பில் இறங்கி, அதன் தண்டு தோலுக்கு வெளியே நிற்கும். எலும்பு திருகைப் பற்றிக்கொள்ளச் சில வாரம் முதல் மூன்று மாதம் வரை எடுக்கும். ஒசியா, போன்பிரிட்ஜ் வகையில் அதிரும் பகுதி தோலுக்கடியில், வெளிக்கருவி காந்தத்தால் ஒட்டும்.

கொழும்பின் வெக்கையில் தண்டைச் சுற்றி வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்து பொருக்காகும். தினமும் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு கழுவுங்கள், பொருக்கை நகத்தால் பிய்க்காதீர்கள். சிவந்து ஈரம் கசிந்தால் கிளினிக்குக்குப் போங்கள். காந்த வகையில், கழற்றிய பிறகும் நெடுநேரம் சிவப்பும் வலியும் இருந்தால் காந்தத்தின் பலம் அதிகம். ஒரு படி குறைந்ததை மாற்றித் தரக் கேளுங்கள்.

கருவி கீச்சிட்டால் கண்ணாடிக் காம்போ தொப்பியோ கருவியில் முட்டுகிறதா என்று பாருங்கள். ஹெல்மெட் போடுமுன் கழற்றிவிடுங்கள். இரவில் பற்றரியை எடுத்து, கருவியை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். சிங்க்-எயார் பற்றரியின் ஸ்டிக்கரை உரித்தபின் ஒரு நிமிடம் காற்றுப் பட விட்டுப் போடுங்கள். ஈரக்காற்றில் அவை சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் கையில் எப்போதும் ஒரு அட்டை பற்றரி இருக்கட்டும்.