ஏஜென்ட்டின் பணிப்பட்டியல் கருவிக்கு விளக்கம் எழுதும்போது

இந்த விளக்கத்தைப் படிக்கப்போவது ஏஜென்ட்டை (தானே படிப்படியாக வேலை செய்யும் ஏஐ நிரலை) இயக்கும் ஏஐ மாடல். "பணிகளை நிர்வகிக்கும் கருவி" என்ற ஒற்றை வரியை வைத்து அதனால் சரியாக வேலை செய்ய முடியாது.

நிரல் எழுதும் ஏஜென்ட்டான கிளாட் கோடில் வந்த டூடூரைட் (TodoWrite) என்ற பணிப்பட்டியல் கருவி நல்ல முன்மாதிரி. அதில் ஒவ்வொரு பணிக்கும் 3 புலங்கள்: செய்ய வேண்டியது, அதன் நிலை, வேலை நடக்கும்போது திரையில் தெரியும் வாசகம். நிலைக்கும் 3 மதிப்புகள்தான்: காத்திருக்கிறது, நடக்கிறது, முடிந்தது. இவற்றை ஸ்கீமாவிலேயே (கருவிக்கு வரும் தரவு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்ற வரையறையிலேயே) பூட்டிவிடுங்கள். திறந்து விட்டால் மாடல் ஒவ்வொரு முறையும் ஒரு புதுச் சொல்லைப் போடும். உங்கள் நிரல் அதைப் புரிந்துகொள்ளாது.

பெரிய சறுக்கல் வேறு இடத்தில். டூடூரைட் அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் பழைய பட்டியலை முழுதாக மாற்றி எழுதுகிறது. உங்கள் கருவியும் அப்படியென்றால் விளக்கத்தில் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மாடல் மாறிய ஒரு பணியை மட்டும் அனுப்பும், மற்றதெல்லாம் சத்தமில்லாமல் அழிந்துபோகும். "மாறாத பணிகளையும் சேர்த்து அனுப்பு" என்று கட்டளையாகவே எழுதுவது நல்லது.

ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே 'நடக்கிறது' நிலையில் இருக்கட்டும். முடிந்ததும் உடனே குறிக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் தோற்றிருந்தால் 'முடிந்தது' போடக் கூடாது என்பதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். மாடல்கள் இதில் அவசரப்படும்.

எப்போது வேண்டாம் என்பதும் முக்கியம்: 3 படிக்குக் குறைந்த வேலைக்குப் பட்டியல் போட்டால் டோக்கன்தான் (மாடல் படித்து எழுதும் உரைத் துண்டுகள்) வீண். விளக்கத்தில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கொடுங்கள்.