சைக்கிளுக்கு ஹப் கியரா, டீரெய்லரா?
தினமும் ஆபீஸ், நடுவில் மழையும் சேறும் என்றால் யோசிக்காமல் ஹப் கியர் வாங்குங்கள். பல்சக்கரங்கள் எல்லாம் பின்சக்கர ஹப்புக்குள் (நடுக்குடத்துக்குள்) மூடிக் கிடப்பதால் தூசி சேராது, சிக்னலில் நின்றபடியே கியரும் மாற்றலாம், டீரெய்லரில் (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் வகை) அதற்கு மிதித்தாக வேண்டும். மலைப் பாதை அதிகமா? அப்போது டீரெய்லர்தான். ஷிமானோ நெக்ஸஸ் 8 என்ற 8 கியர் ஹப்பில் மேல் கியர் கீழ் கியரைப்போல் சுமார் 3 மடங்கு. டீரெய்லரின் 10-51 பல் கேசட்டில் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) 5 மடங்கு. எடையும் குறைவு.

ஹப் கியர் வழுக்குகிறதா? உடனே பிரித்துப் போடாதீர்கள், பெரும்பாலும் கேபிள்தான் தளர்ந்திருக்கும். நெக்ஸஸ் 8 என்றால் 4-ஆவது கியரில் வைத்து, சங்கிலிப் பக்கம் அச்சருகே குனிந்து பாருங்கள், இரண்டு மஞ்சள் கோடுகள் தெரியும். அவை ஒரே நேராக வரும்வரை கேபிள் அட்ஜஸ்டரைத் திருகுங்கள். அப்புறம் 1-க்குப் போய், திரும்ப 4-க்கு வந்து மறுபடி பாருங்கள்.

பழைய ஸ்டர்மி-ஆர்ச்சர் 3 கியர் ஹப்பில் கேபிள் தளர்ந்தால் 2-க்கும் 3-க்கும் நடுவே மாட்டி பெடல் சும்மா சுற்றும், எழுந்து மிதிக்கும்போது அப்படி ஆனால் முட்டி பத்திரம் (எனக்கு ஒருமுறை பெயர்ந்தது).

ஹப் கியர்க்காரர்கள் பையில் 15 மி.மீ. ஸ்பேனர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பஞ்சரானால் பின்சக்கரத்தைக் கழற்ற அது வேண்டும்.